ஆஞ்சான் கயிறு வந்து சேரும் இடம்

பாய்க்கப்பலின் வரலாற்றை எழுதியோர் காற்றைப் பற்றியும் பாயைப் பற்றியும் வழிகாட்டும் விண்மீன்களைப் பற்றியும் நிறையவே எழுதியிருக்கின்றனர். கயிற்றைப் பற்றி எழுதியோர் குறைவு. அக்கயிற்றை இழுக்கும் மனிதன் கலத்தின் எந்தப் பகுதியில் நின்று இழுத்தான் என்று ஆராய்ந்தோர் அதனினும் குறைவு. கலத்தில் பலர் இருந்த காலத்தில் அக்கேள்வி எழவில்லை. ஒருவரோ இருவரோ மட்டும் செல்லும் சிறு பாய்ப்படகுகள் பெருங்கடலைக் கடக்கத் தொடங்கிய பின்னர், அது உயிரோடு தொடர்புடைய கேள்வியாயிற்று.

அத்தகைய படகுகளில் கயிற்றை இழுப்பதற்கு ‘வின்ச்’ என்னும் உருளைப் பொறி பயன்படுகிறது. நம் கரையோர விசைப்படகுகளில் வலையை இழுக்கும் பெரிய வின்ச்சை வாசகர்களில் பலர் பார்த்திருக்கலாம். பாய்ப்படகின் வின்ச் அதனினும் மிகச் சிறியது. இரு கைகளுக்குள் அடங்கும் அளவில் நிமிர்ந்து நிற்கும் ஓர் உலோக உருளை. கயிற்றை அதன் மேல் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, உச்சியில் ஒரு கைப்பிடியைச் செருகிச் சுழற்றினால், வெறுங்கையால் அசைக்க முடியாத பாரம் அசைந்து வரும். இப்பொறியைப் படகில் எங்கே பொருத்துவது? தச்சரிடம் கேட்க வேண்டிய சிறு கேள்வியைப் போலத் தோன்றினாலும், இதன் பின்னால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றின் ஒரு முக்கியமான ஏடு அரபு மொழியில் நமக்குக் கிடைத்திருக்கிறது.

நம் கரையில் வழங்கும் சொற்கள்

மேலே செல்லுமுன் சில சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வது நலம். பாயைப் பாய்மரத்தின் மேலே ஏற்றும் கயிற்றைத் தமிழ் மாலுமிகள் ‘ஆஞ்சான்’ என்றனர். பாயின் கீழ்மூலையைப் பிடித்துக் காற்றுக்கு ஏற்ப இறுக்கவும் தளர்த்தவும் உதவும் கயிறு ‘தாமான்’. ஆடையின் விளிம்பைக் குறிக்கும் ‘தாமன்’ என்னும் பாரசீகச் சொல்லோடு உறவுடையது இது. பாயைத் தாங்கும் குறுக்குமரம் ‘பருமல்’. கலத்தின் முன்பகுதி ‘அணியம்’, பின்பகுதி ‘அமரம்’. ‘சுக்கான்’ அரபுச் சொல். கப்பலோட்டியைக் குறிக்கும் ‘மாலுமி’ என்னும் சொல்லும், கற்பிப்பவர், வழி அறிந்தவர் எனப் பொருள்படும் ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல்லின் திரிபே. மதரஸாவில் பாடம் சொல்லும் ஆசிரியரும் கடலில் வழி சொல்லும் மாலுமியும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

சிறு படகில் சுக்கானைப் பிடிப்பவர் அமர்வதற்கென்று அமரத்தை ஒட்டித் தாழ்வான ஓர் இடம் இருக்கும். நாற்புறமும் தடுப்புள்ள அந்த இடத்தில்தான் மாலுமி ஓரளவு பாதுகாப்பாக இருக்க முடியும். இக்கட்டுரையில் அதைச் ‘சுக்கானடி’ என்று குறிப்போம்.

பல கைகளின் காலம்

அரபு வளைகுடாவிலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்கும் மலபாருக்கும் வந்து சென்ற பெரிய பாய்க்கலங்களில் முக்கோணப் பாய் நீண்ட பருமலில் கட்டப்பட்டிருக்கும். பாய், பருமல், அவற்றின் மேல் காற்றின் அழுத்தம் ஆகிய அனைத்தையும் சேர்த்து மேலே ஏற்ற வேண்டும். இதற்குப் பெரிய மரக் கப்பிகளும் தடித்த ஆஞ்சானும் இருந்தன. ஆயினும் முதன்மையான வலிமை மனிதக் கைகளிலிருந்தே வந்தது.

பல கைகள் ஒரே கணத்தில் இழுத்தால்தான் பயன் உண்டு. அந்த ஒருமைப்பாட்டைத் தந்தது பாட்டு. வளைகுடாவின் முத்துக்குளிப்புக் கலங்களில் ‘நஹ்ஹாம்’ எனப்படும் பாடகர் ஒருவர் இதற்கென்றே அமர்த்தப்பட்டார். அவருடைய குரலின் ஏற்றத்தாழ்வுக்கு ஏற்பக் கால்கள் தளத்தில் மிதிக்கும்; கைகள் கயிற்றை இழுக்கும். ஆஸ்திரேலியரான ஆலன் வில்லியர்ஸ் 1938ஆம் ஆண்டின் இறுதியில் ஏடனில் குவைத் நாட்டுக் கலம் ஒன்றில் ஏறினார். அலீ பின் நாஸிர் அந்நஜ்தீ என்பவர் அதன் நகுதாவாக இருந்தார். கிழக்கு ஆப்பிரிக்கா சென்று 1939இல் குவைத் திரும்பிய அந்தப் பயணத்தை வில்லியர்ஸ் நூலாக எழுதினார். மாலுமிகள் பாடிக்கொண்டே பருமலை ஏற்றிய காட்சிகள் அதில் விரிவாக இடம் பெற்றுள்ளன.

பின்னர் 1980ஆம் ஆண்டு நவம்பரில், டிம் செவரின் என்பவர் ஓமானிலிருந்து ‘ஸுஹார்’ என்ற கலத்தில் புறப்பட்டு 1981 ஜூலையில் சீனத்தின் கேன்டன் துறைமுகத்தை அடைந்தார். ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்து, ஓமானின் ஸூர் நகரில் கட்டப்பட்ட கலம் அது. பழைய முறையை மீண்டும் கையாண்ட அப்பயணத்துக்கும் ஏறத்தாழ 20 பேர் தேவைப்பட்டனர்.

இத்தகைய கலங்களில் கயிறு எங்கே வந்து சேர்கிறது என்பது பெரிய சிக்கலன்று. பாய்மரத்தடியில் வந்து சேர்ந்தால் அங்கே பத்துப் பேர் சென்று நிற்பர். அப்போதும் சுக்கானைப் பிடிக்க ஒருவர் இருப்பார். ஒருவர் தடுமாறினால் பிடித்துக்கொள்ள மற்றொருவர் இருப்பார். ஆள்பலமே அங்கே பொறியாகவும் பாதுகாப்பாகவும் இருந்தது.

பாரம் உயர்த்தும் நூல்

ஆள்பலத்துக்குப் பதிலாகப் பொறியின் பலத்தைக் கொண்டு பாரத்தை அசைப்பது எப்படி என்ற வினா மிகப் பழையது. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன் என்ற கிரேக்க அறிஞர் இதற்கென ஒரு நூல் இயற்றினார். அதன் கிரேக்க மூலம் சில துணுக்குகள் நீங்கலாக அழிந்து போயிற்று. முழு நூலும் உலகுக்குக் கிடைத்தது அரபு மொழிபெயர்ப்பின் வழியாகத்தான். ஒன்பதாம் நூற்றாண்டில் அதை மொழிபெயர்த்தவர், பஅல்பக் நகரைச் சேர்ந்த கிறிஸ்தவ அறிஞரான குஸ்தா இப்னு லூக்கா. அப்பாசிய கலீஃபா முஃதஸிமின் மகனான அஹ்மத் என்ற இளவரசரின் ஆணைப்படி அப்பணி நடந்தது. பாரமான பொருள்களை உயர்த்துதல் பற்றியது என்பது அந்நூலின் அரபுத் தலைப்பின் பொருள். ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் பாதுகாக்கப்பட்ட கையெழுத்துப் படியைக் கொண்டு, பிரெஞ்சு அறிஞர் கர்ரா த வோ 1893இல் அதை அச்சில் கொண்டுவந்தார். கிரேக்கர் எழுதியதைக் கிறிஸ்தவர் ஒருவர் முஸ்லிம் இளவரசருக்காக அரபியில் ஆக்கி வைத்திராவிட்டால், பொறியியலின் மூலநூல்களுள் ஒன்று இன்று பெயரளவிலேயே எஞ்சியிருக்கும்.

சிறிய வலிமையால் பெரிய பாரத்தை அசைக்க ஐந்து கருவிகள் உண்டு என்று அந்நூல் வகுத்துரைக்கிறது. சக்கரத்தின் ஊடே செல்லும் அச்சு, நெம்புகோல், கப்பி, ஆப்பு, திருகு ஆகியவை அவை. இவற்றுள் முதலாவதன் வழித்தோன்றலே வின்ச். நம் ஊர்க் கிணற்றின் மேல் படுக்கையாகக் கிடக்கும் ராட்டினமும், எண்ணெய்ச் செக்கைச் சுற்றிவரும் நீண்ட உலக்கைமரமும் இதே தத்துவத்தின் இரு வடிவங்கள். படுக்கை அச்சுடைய வடிவம் கப்பலின் அணியத்தில் நங்கூரம் இழுக்கப் பயன்பட்டது. நிமிர்ந்த அச்சுடைய வடிவமோ பல ஆட்கள் தடிகளைப் பிடித்துத் தள்ளிச் சுற்றிவரப் பெரிய கப்பல்களின் தளத்தில் இடம் பெற்றது.

அந்நூலில் மற்றொரு நுட்பமும் உண்டு. கருவியால் நாம் வலிமையில் எவ்வளவு பெறுகிறோமோ அவ்வளவு காலத்தில் தாமதம் நேரும் என்று அது உணர்த்துகிறது. பாரம் ஒரு முழம் நகர்வதற்குக் கை பல முழம் நகர வேண்டும். இச்சிறு உண்மையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கடலில் தாமதம் என்பது, மாலுமி ஆபத்தான இடத்தில் நிற்கும் நேரம் நீளுகிறது என்பதன் மறுபெயர்.

உருளையின் இரகசியம்

வின்ச்சில் இரு வேறு வலிமைகள் ஒன்று சேர்கின்றன. முதலாவது, கைப்பிடியின் நீளத்தால் வருவது. வழக்கமான கைப்பிடி ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ளது. உருளையின் ஆரம் 4 சென்டிமீட்டர் என்றால், கையின் வலிமை 6 மடங்குக்குச் சற்று மேலாகப் பெருகும். உள்ளே பற்சக்கரங்களும் இருந்தால் அது மேலும் பெருகும். வின்ச்சின் மீது 16 என்றோ 40 என்றோ எண் பொறித்திருப்பர். வலிமை அத்தனை மடங்கு பெருகும் என்பதே அதன் பொருள்.

இரண்டாவது, உராய்வால் வருவது. கயிற்றை உருளையில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால், நடுத்தரமான உராய்வில், மறுமுனையைப் பிடித்திருப்பவர் தாம் பிடிக்கும் வலிமையைப் போல் ஏறத்தாழ 5 மடங்கு பாரத்தைத் தடுத்து நிறுத்தலாம். மூன்று சுற்றுக்கு அது 100 மடங்கையும் கடந்துவிடும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய வலிமையோடு கூட்டப்படாமல் பெருக்கப்படுவதே இதற்குக் காரணம். படகுத்துறையில் ஒரு சிறுவன் கட்டுத்தறியில் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றிப் பெரிய தோணியை நிறுத்திவிடுவதும் இதனால்தான்.

ஆனால் இந்த உராய்வுக்கு ஒரு நிபந்தனை உண்டு. கயிறு உருளையை நோக்கிச் சற்றுக் கீழிருந்து, சில பாகை சாய்வோடு ஏறி வரவேண்டும். மேலிருந்து இறங்கி வந்தால், புதிதாக வரும் சுற்று முந்தைய சுற்றின் மேல் ஏறிக்கொண்டு இறுகிவிடும். பாரம் நீங்கும் வரை அதை அவிழ்க்க இயலாது. புயற்காற்றில் தாமானைத் தளர்த்த வேண்டிய கணத்தில் இது நேர்ந்தால் படகு சாய்ந்தே கிடக்கும். ஆகவே வின்ச் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு முதல் விதியைக் கயிறே வகுத்துத் தருகிறது.

தளத்துக்குக் கீழே சென்ற மனிதர்

பாய்ப்படகில் வின்ச்சுகளை நவீன முறையில் வளர்த்தவர்களுள் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நதானியல் ஹெர்ரஷாஃப் முதன்மையானவர். 1903இல் அவர் அமைத்த ‘ரிலையன்ஸ்’ என்ற பந்தயப் படகு 16,000 சதுர அடிக்கு மேற்பட்ட பாய்களைத் தாங்கியது. இரு வேகங்களில் இயங்கும் வின்ச்சுகளைத் தளத்துக்குக் கீழே அவர் பொருத்தினார். அப்படகு தோற்கடித்தது, இலங்கைத் தேயிலையால் நம் நாட்டிலும் பெயர் பெற்ற தாமஸ் லிப்டனின் மூன்றாவது ‘ஷாம்ராக்’ படகை. 1930இல் லிப்டனின் ஐந்தாவது ‘ஷாம்ராக்’ படகை வென்ற ‘என்டர்பிரைஸ்’ படகிலும் ஏராளமான வின்ச்சுகள் இருந்தன. அவற்றை இயக்கச் சில மாலுமிகள் தளத்துக்குக் கீழேயே இருந்தனர். 1967இல் வென்ற ‘இன்ட்ரெபிட்’ படகிலும், கனத்தைத் தாழ்த்திப் படகின் நிலைபேற்றைக் கூட்டும் பொருட்டு வின்ச்சுகள் கீழே கொண்டு செல்லப்பட்டன.

வேகம் ஒன்றே குறிக்கோளான இடத்தில் இம்முடிவுகளில் பிழை காண இயலாது. எனினும் இவற்றிலிருந்து நாம் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. வின்ச் சென்ற இடத்துக்கு மனிதனும் சென்றான். அது கீழே சென்றபோது, வானத்தையும் அலையையும் பாயையும் காணாமல் மேலிருந்து வரும் குரலைக் கேட்டுக் கைப்பிடியைச் சுழற்றும் மாலுமி ஒருவன் உருவானான். பொறிக்கு இடம் குறிப்பவர் தாம் அறிந்தோ அறியாமலோ மனிதனுக்கும் இடம் குறித்துவிடுகிறார்.

சிறு படகுக்குத் தேவை வந்த விதம்

1920களில் சுவீடன் நாட்டவரான ஸ்வென் சாலேன் இத்தாலியின் ஜெனோவா நகரப் போட்டியில் பாய்மரத்தையும் கடந்து பின்னோக்கி நீளும் பெரிய முன்பாய் ஒன்றைப் பயன்படுத்தினார். அந்நகரின் பெயராலேயே வழங்கும் அப்பாய் விரைவில் எங்கும் பரவியது. பாய் பெரிதானதால் தாமானில் விழும் பாரமும் பெரிதாயிற்று. 20 சதுர மீட்டர் முன்பாயில் 20 நாட் வேகக் காற்று வீசினால், தாமானில் ஏறத்தாழ 170 கிலோ பாரம் விழும். காற்று 30 நாட் ஆனால் பாரம் ஒன்றரை மடங்காகப் பெருகுவதோடு நில்லாமல், இரண்டேகால் மடங்காகி 380 கிலோவை எட்டும். காற்றின் வேகத்தின் இருபடிக்கு ஏற்பப் பாரம் வளரும் என்பது இயற்கையின் விதி. ஒரு கையால் தொடர்ந்து செலுத்தக்கூடிய வலிமை 15 கிலோ அளவே என்று கொண்டால், 25 அடிப் படகுக்கும் வின்ச் ஏன் இன்றியமையாததாயிற்று என்பது விளங்கும்.

இப்போது இடத்தின் கேள்விக்கு வருவோம். சிறு படகில் வின்ச்சைப் பொருத்த மூன்று இடங்கள் உண்டு.

முதலாவது, பாய்மரத்தடி. ஆஞ்சான் மரத்தின் உச்சியில் உள்ள கப்பியில் திரும்பி நேரே கீழிறங்கி வின்ச்சில் சேரும். இடையில் வேறு கப்பி இல்லை, உராய்வு குறைவு, சிக்கல் நேர்ந்தால் கண்ணெதிரே தெரியும். பழைய மாலுமிகள் பலர் விரும்பிய இடம் இதுவே. குறை யாதெனில், பாயைச் சுருக்க வேண்டிய வேளையில், அதாவது காற்று மிகுந்து படகு குதிக்கும் வேளையில், மாலுமி சுக்கானடியை விட்டுத் தளத்தின் நடுவுக்குச் செல்ல வேண்டும். ஒரு கை படகைப் பிடிக்க, மறு கை வேலை செய்ய, மூன்றாவது கை இல்லையே என்று ஏங்கும் இடம் அது. கம்பிக் கயிற்றைத் தன்னுள் சுருட்டிக்கொள்ளும் ஒருவகைப் பழைய வின்ச்சுகள் இங்கே பொருத்தப்பட்டதுண்டு. தடையைத் தளர்த்தும்போது கைப்பிடி கட்டுமீறிச் சுழன்று மாலுமிகளின் கையை முறித்ததால் அவை அவப்பெயர் பெற்றன.

இரண்டாவது, சுக்கானடிக்கு முன்னால் உள்ள அறைக்கூரையின் பின்விளிம்பு. ஆஞ்சான் பாய்மரத்தடியில் ஒரு கப்பியில் திரும்பி, கூரையின் மேல் மற்றொரு கப்பியில் விலகி, பின்னோக்கி வந்து வின்ச்சில் சேரும். மாலுமி இடம் பெயர வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு கப்பியும் தன் பங்குக்குச் சிறிது வலிமையை உண்டுவிடுகிறது. மேலும், செங்கோணமாகத் திரும்பும் கயிறு, தான் சுமக்கும் பாரத்தைப் போல் 1.4 மடங்கு விசையோடு கப்பியைப் பிடுங்குகிறது. ஆஞ்சானில் 200 கிலோ பாரம் இருந்தால் பாய்மரத்தடிக் கப்பியை 280 கிலோ விசை இழுக்கும். கப்பியைச் சில மரத்திருகுகளால் பொருத்தியவர் ஒரு நாள் அது பறந்து செல்வதைக் காண்பார்.

மூன்றாவது, சுக்கானடியின் இரு பக்கத் தடுப்புச் சுவர்களின் மேற்பரப்பு. தாமான்களுக்கு உரிய இடம் இது. முன்பாயின் இரு தாமான்களும் இரு பக்கமாக வருவதால் பக்கத்துக்கு ஒரு வின்ச் வேண்டும். ஒரு கை சுக்கானிலும் மறு கை வின்ச்சிலுமாக ஒருவரே இயக்க வேண்டுமானால், சுக்கான் தண்டிலிருந்து கை எட்டும் தொலைவில் அது அமைய வேண்டும். தடுப்பின் முன்கோடியில் அழகுக்காகப் பொருத்தினால், தனித்துச் செல்பவர் ஒவ்வொரு முறையும் சுக்கானை விட்டுவிட்டு எழ நேரும்.

எங்கே பொருத்தினாலும் பொதுவான தேவைகள் சில உள. 25 சென்டிமீட்டர் கைப்பிடி முழுவட்டமாகச் சுழல அரை மீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். பாதுகாப்புக் கம்பியிலோ கூரை மறைப்பிலோ விரல் மோதக்கூடாது. வின்ச்சுகள் வலஞ்சுழியாகச் சுழல்பவை. கயிறும் அவ்வாறே சுற்றி வருமாறு அதன் வழி அமைய வேண்டும். சுழற்றுபவரின் கால் ஊன்ற இடம் வேண்டும். தளத்தின் அடியில் அகன்ற பலகையோ உலோகத் தகடோ வைத்து, மரையாணிகள் ஊடுருவிச் சென்று அதில் இறுக வேண்டும். மென்மரத்தை நடுவில் வைத்துக் கண்ணாடி இழையால் மூடிய தளமாயின், துளையைச் சுற்றியுள்ள மென்மரத்தை நீக்கிக் கெட்டியான பிசினால் நிரப்ப வேண்டும். தவறினால் நசுங்கிய துளை வழியே நீர் இறங்கித் தளமே உளுத்துப் போகும்.

1970களில் கயிற்றின் மறுமுனையைத் தானே கவ்விப் பிடிக்கும் வின்ச் பரவியது. அதுவரை ஒருவர் சுழற்ற மற்றொருவர் கயிற்றின் முனையை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. இனி ஒருவரே போதும் என்ற நிலை வந்தது. பின்னர், கயிற்றை இறுகப் பற்றி நிறுத்தும் நெம்புபிடிகள் வந்ததால், நான்கைந்து கயிறுகளுக்கு ஒரே வின்ச்சைப் பயன்படுத்தவும் வழி பிறந்தது.

கோழிக்கோட்டில் கண்ட பாயும் ஜெஸ்டரும்

பதினான்காம் நூற்றாண்டில் கோழிக்கோட்டுக்கு வந்த பயணி இப்னு பதூதா அங்கே நின்ற சீனக் கலங்களை வியந்து பார்த்தார். ஹிஜ்ரி 756இல், அதாவது கி.பி. 1355இல், எழுதி முடிக்கப்பட்ட அவருடைய பயண நூலில் அவற்றின் பாய்கள் குறிப்பிடப்படுகின்றன. மூங்கிற் பிளாச்சுகளைப் பாய்போல் முடைந்து செய்யப்பட்டவை அவை. கீழே இறக்கப்படாமல் காற்றின் திசைக்கு ஏற்பத் திருப்பப்படுபவை என்று அவர் பதிவு செய்திருக்கிறார்.

மூங்கில் வரிகளால் கட்டுண்ட சீனப் பாயின் சிறப்பு இதுதான்: ஆஞ்சானைத் தளர்த்தினால் விசிறி மடிவது போல வரிவரியாகத் தானே மடிந்து அமரும். அதைச் சுருக்க யாரும் பாய்மரத்தடிக்குச் செல்ல வேண்டியதில்லை. ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் ஓர் ஆங்கிலேயர் இந்த நுட்பத்தைத் தன் சிறு படகுக்கு எடுத்துக்கொண்டார். இரண்டாம் உலகப் போரில் புகழ் பெற்ற கடற்படை வீரரான ஹாஸ்லர், ‘ஜெஸ்டர்’ என்ற 25 அடிப் படகில் சீன முறைப் பாய் ஒன்றை அமைத்தார். சுக்கானடியைப் பெரும்பாலும் தளத்தால் மூடி, நடுவில் ஒரு வட்டத் திறப்பு மட்டும் வைத்தார். ஆஞ்சான், தாமான் அனைத்தையும் அந்தத் திறப்பைச் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். இடுப்பளவு உள்ளே நின்றபடி, தளத்தில் கால் வைக்காமலே பாயை ஏற்றவும் சுருக்கவும் திருப்பவும் அவரால் முடிந்தது.

1960 ஜூனில் இங்கிலாந்தின் பிளிமத் துறையிலிருந்து நியூயார்க் வரை தனியொருவர் படகுப் போட்டி முதன்முறையாக நடந்தது. கலந்துகொண்டோர் ஐவர். பிரான்சிஸ் சிசெஸ்டர் ஏறத்தாழ 40 அடி நீளமுள்ள தம் பெரிய படகில் 40 நாளில் முதலாவதாக வந்தார். ஹாஸ்லர் 48 நாளில் இரண்டாவதாக வந்தார். நாள்கணக்கில் அவர் தோற்றார் என்பது உண்மை. ஆயினும் 25 அடிப் படகில் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாகக் கடந்தும், பாயைக் கையாள அவருக்குத் தளத்தின் மேல் செல்லும் தேவையில்லாதிருந்தது. வின்ச்சை எங்கே வைப்பது என்று மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்த வேளையில், மனிதன் எங்கே இருக்க வேண்டும் என்று அவர் முதலில் கேட்டார். கயிறுகளை அந்த இடத்துக்கு வரவழைத்தார்.

ஆபத்து நேரும் வேளை

தளத்தின் நடுவே செல்வதில் உள்ள ஆபத்து கற்பனையன்று. பிரான்சின் மாபெரும் மாலுமி எரிக் தபார்லி தம் வாழ்நாள் முழுவதும் கடலில் கழித்தவர். 1998 ஜூன் 12ஆம் நாள் இரவு, நூறாண்டு நிறைந்த தம் ‘பென் தூயிக்’ படகில் அயர்லாந்துக் கடலில் சென்றுகொண்டிருந்தார். காற்றுக்கு ஏற்பப் பாயைக் குறைக்கும் வேலையின்போது, பாயின் மேல்விளிம்பைத் தாங்கும் கட்டை அவரைத் தாக்கிக் கடலில் வீழ்த்தியது. உடன் சென்ற தோழர்களால் இருளில் அவரை மீட்க இயலவில்லை. அவர் பாதுகாப்பு வார் அணிந்திருக்கவில்லை. பழைய அமைப்புடைய அப்படகில் வின்ச் வேறிடத்தில் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று கூறுவது பொருந்தாது. பாயைச் சுருக்கும் வேளையே மாலுமிக்கு மிகுந்த ஆபத்தான வேளை என்பதையும், அனுபவம் அந்த ஆபத்தை நீக்கிவிடுவதில்லை என்பதையும் மட்டும் அம்மரணம் நமக்குச் சொல்கிறது.

அப்படியாயின் எல்லாக் கயிறுகளையும் சுக்கானடிக்கே கொண்டுவந்துவிடலாமா? அதுவும் கண்ணை மூடிக்கொண்டு செய்யத்தக்கதன்று. உராய்வு மிகுந்து பாய் பாதி வழியில் நின்றுவிட்டால், மாலுமி எழுந்து பாய்மரத்தடிக்குப் போகத்தான் வேண்டும். காலடியில் கயிறுகள் குவிந்து சிக்கினாலும் துன்பமே. கடலறிந்தோர் கண்ட விதி வேறு. பாயைச் சுருக்க ஆஞ்சானைத் தளர்த்த வேண்டும். பாயின் முன்மூலையையும் பின்மூலையையும் கீழே இழுத்துக் கட்ட வேண்டும். பின் ஆஞ்சானை மீண்டும் இறுக்க வேண்டும். இந்த மூன்று கயிறுகளும் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். எல்லாம் பாய்மரத்தடியில் இருக்கலாம். எல்லாம் சுக்கானடியில் இருக்கலாம். ஆஞ்சான் ஓரிடத்திலும் மற்றவை வேறிடத்திலுமாக இருப்பதே எல்லாவற்றிலும் கெட்ட ஏற்பாடு. அப்போது மாலுமி ஒரே வேலைக்காக அலைமோதும் தளத்தில் இருமுறையும் மும்முறையும் நடக்க நேருகிறது.

ஆகவே சிறு படகுக்கு வின்ச் வாங்குபவர் துளையிடும் கருவியை எடுக்குமுன் சிலவற்றைச் செய்தல் வேண்டும். சுக்கானைப் பிடித்தபடி தமக்குரிய இடத்தில் அமர்ந்து கை எட்டும் எல்லையைக் குறித்துக்கொள்ள வேண்டும். வின்ச்சைத் தற்காலிகமாக அங்கே வைத்து, கயிற்றைச் சுற்றி, கைப்பிடி முழுவட்டம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். படகு சாய்ந்த நிலையில் இரு பக்கமும் இதைச் செய்து பார்க்க வேண்டும். அதோடு, தம்மைவிட வலிமை குறைந்தவரை, மனைவியையோ வளர்ந்த பிள்ளையையோ, அங்கே அமர வைத்துச் சுழற்றச் சொல்ல வேண்டும். கடலில் தாம் நோயுற்றாலோ தவறி விழுந்தாலோ படகைத் திருப்பப் போகிறவர் அவரே அல்லவா? அவர் கைக்கு எட்டாத வின்ச் எத்தனை மடங்கு வலிமை உடையதாயிருந்தும் என்ன பயன்?

பாரத்தை அசைக்கும் வழியை ஹீரோன் எழுதினார். குஸ்தா இப்னு லூக்கா அதை அழியாமல் காத்துத் தந்தார். இருபதாம் நூற்றாண்டின் பொறியாளர்கள் அதே தத்துவத்தைக் கைக்குள் அடங்கும் உருளையாக்கினர். வலிமையின் கணக்கு இவ்வாறு தீர்ந்துவிட்டது. இடத்தின் கணக்கை மட்டும் ஒவ்வொரு படகின் உரிமையாளரும் தம்மோடு வருபவரின் கை நீளத்தை அளந்து, புதிதாகத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.